அம்மியும் நெய் ஜாடியும்: பாறைக்குழம்பு கல்லாவது எப்படி?

போன வைகாசியில் எங்கள் கொல்லையில் கைபோர் போட்டார்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே உள்ள சின்ன ஊர் எங்களுடையது. குழாய் இறங்க இறங்க முதலில் கரிய களி வந்தது, பிறகு பொடிமணல், மறுபடியும் களி, அதற்கும் கீழே பருமணல். "நல்ல மணல் வந்திருச்சுங்க, ஃபில்டர் இறக்கிடலாம்" என்றார் மேஸ்திரி. நடுவில் கல் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நம்ம பக்கம் எவ்வளவு இறக்குனாலும் கல்லு தட்டாதுங்க. புதுக்கோட்டைப் பக்கம் போனாத்தான் அந்தக் கஷ்டம்" என்றார்.

அவர் தொழிலில் பார்த்ததைச் சொன்னார், அது சரிதான். டெல்டாவில் பிறந்த பிள்ளை ஒரு பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போகவேண்டும். ஆனால் கல் இல்லாமல் நாம் இருந்ததும் இல்லை. கல்லணை கல்லால் ஆனது. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில், மண்ணும் சேறுமான பூமியில் வெளியிலிருந்து கொண்டுவந்த கல்லால் எழுந்தது. கொல்லையில் கிடக்கிற அம்மி, மயிலாடுதுறை ஜங்ஷன் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி, கடலரிப்புக்காகக் கரையில் அடுக்கிய பெரும் கற்கள், கும்பகோணத்துப் புது வீடுகளில் அடுப்பு மேடைக்குப் பதிக்கிற பளபளப்பான கறுப்புப் பலகை எல்லாமே வந்த கற்கள்தாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் ஒரு காலத்தில் குழம்பாக இருந்தது. குழம்பு கல்லான விதத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பூமிக்குள் உருகிய நிலையில் இருக்கும் பாறைக்குப் பாறைக்குழம்பு, அதாவது மாக்மா என்று பெயர். அது மேலே வந்து தரையில் வழிந்தால் லாவா. உள்ளேயோ வெளியேயோ ஆறி உறைந்தால் தீப்பாறை. பள்ளிப் பாடத்தில் படித்த இந்தத் 'தீ' என்ற சொல்லால் ஒரு குழப்பம் வருகிறது. அங்கே எதுவும் எரிவதில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மூசையில் செம்பை உருக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மூசைக்குள் இருப்பது நெருப்பு அல்ல, உருகிய உலோகம். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். பசால்ட் என்ற கரிய தீப்பாறையாக உறையும் லாவாவின் சூடும் ஏறக்குறைய அதுதான், 1100 முதல் 1200 டிகிரி வரை.

நெய்யில் பார்க்கலாம்

அடுப்படியில் இருக்கிற நெய் ஜாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாறை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் அந்த ஜாடிக்குள் இருக்கிறது.

வெண்ணெய் காய்ச்சி இறக்கிய நெய்யை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் வழவழவென்று உறையும், விரலில் தேய்த்தால் துகள் தட்டாது. மற்றதை அடுப்பங்கரை மூலையில் மூடி வைத்து மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். நம் வீடுகளில் நல்ல நெய்க்கு அடையாளமாகச் சொல்லும் அந்த மணல், தரத்தை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு நிதானமாக ஆறியது என்பதையும் காட்டுகிறது.

காரணம் இதுதான். திரவம் ஆறும்போது அங்கங்கே சின்னச் சின்ன விதைகளாகப் படிகம் பிடிக்கும். நிதானமாக ஆறினால் விதைகள் சில, சுற்றியிருக்கும் பொருள் அவற்றிடம் வந்து ஒட்ட நேரம் உண்டு, எனவே ஒவ்வொன்றும் பெரிதாகும். சட்டென்று ஆறினால் ஆயிரக்கணக்கான விதைகள் ஒரே நேரத்தில் முளைக்கும், எதற்கும் வளர அவகாசம் இருக்காது. அதைவிட வேகமாக ஆறினால் விதையே பிடிக்காமல் அப்படியே விறைத்துப்போகும். பாறையில் அதற்குப் பெயர் எரிமலைக் கண்ணாடி.

அப்படியானால் கல்லை உடைத்துப் பார்த்தால் அதன் துகளின் அளவே அது ஆறிய வேகத்தைச் சொல்லிவிடும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தீப்பாறைகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை. எந்தக் கல்லைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகள். குழம்பில் என்ன இருந்தது? எவ்வளவு நேரத்தில் ஆறியது?

இரண்டாவது கேள்விக்குச் சோதனையால் விடை கண்டவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால். பசால்ட் கடல்நீரிலிருந்து படிந்த கல் என்று ஜெர்மனியின் வெர்னர் வழி வந்தவர்கள் அக்காலத்தில் உறுதியாக நம்பினார்கள். உருகியது ஆறினால் கண்ணாடியாகத்தானே ஆகும், கல்லாக எப்படி ஆகும் என்பது அவர்களுடைய வாதம். கண்ணாடி உலை ஒன்றில் தற்செயலாக மெல்ல ஆறிப்போன கண்ணாடி, ஒளி ஊடுருவாத கல்லைப் போல் மாறியிருந்த செய்தி ஹாலுக்குத் தெரியவந்தது. எடின்பரோ பக்கத்துக் கரும்பாறையை இரும்பு உருக்கும் உலையிலிட்டு உருக்கினார். சட்டென்று ஆறவிட்டது கண்ணாடியானது. நிதானமாக ஆறவிட்டது மறுபடியும் கல்லானது. 1798-ல் அதை அறிஞர் சபையில் வாசித்தார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இது. ஒரே கல், ஒரே உலை, மாறியது நேரம் மட்டும்.

முதலில் உருகுவதற்கு என்ன காரணம்?

நிலத்தோல் ஒரு மெல்லிய ஓடு, அதற்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. கண்டங்களுக்குக் கீழே 35, 40 கிலோமீட்டர் தாண்டினால் மேன்டில் என்னும் இடையடுக்கு தொடங்கி, ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது. அது திடப் பாறை. நிலநடுக்க அலைகளில் திரவத்துக்குள் போகமுடியாத ஒரு வகை உண்டு. அது மேன்டிலுக்குள் தாராளமாகப் போய்வருகிறது. உருகியிருந்தால் போகாது.

நூறு கிலோமீட்டர் ஆழத்தில் சூடு 1,300 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தரையில் அந்தச் சூட்டில் மேன்டில் பாறை உருகத் தொடங்கிவிடும். கீழே உருகாமல் இருப்பது மேலே இருக்கிற பாரத்தால். பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். மூடி இறுக்கிப் பிடிக்கிற வரை தண்ணீர் 120 டிகிரியிலும் தண்ணீராகவே கிடக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஆவியைத் திறந்துவிட்டால், புதிதாகச் சூடே கொடுக்காமல் உள்ளே தளதளவென்று கொதிக்கும். அழுத்தம் குறைந்ததே காரணம். அதேபோல் சூடான மேன்டில் பாறை மெல்ல மேலெழும் இடங்களில், அழுத்தம் குறையக் குறைய ஒரு பகுதி உருகிவிடும். பூமியின் மேலோட்டுப் பெருந்துண்டுகளான தட்டுகள் கடலடியில் விலகும் நடுக்கடல் முகடுகளில் நடப்பது இது. உலகத்துப் பசால்ட்டில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்கே ஆழ்கடல் வரை போனால், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலுக்கெல்லாம் அடியில் கடலின் தரை பசால்ட்தான்.

இன்னொரு வழி தண்ணீர். நகைப் பட்டறையில் பற்றவைக்கும் இடத்தில் வெங்காரம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சேர்ந்தால் இளகாத கசடும் குறைந்த சூட்டில் இளகி ஓடிவிடும். பாறைக்கு வெங்காரம் தண்ணீர். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்குக் கீழே புதையும்போது தன் கனிமங்களுக்குள் பிடித்து வைத்திருந்த நீரையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் அது பிரிந்து மேலே இருக்கும் சூடான மேன்டிலுக்குள் ஏற, அந்தப் பாறையின் உருகுநிலை இறங்கி அது உருகத் தொடங்கும். சுமத்ராவுக்கும் அந்தமானுக்கும் அடியில் நடப்பது இது. 2004 டிசம்பர் 26-ல் நம் கரையை அழித்த அலை அங்கே அந்தத் தட்டு புதையும் எல்லையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்தது. நாகையிலும் வேளாங்கண்ணியிலும் தரங்கம்பாடியிலும் அன்று பறிகொடுத்த குடும்பங்களுக்கு அந்த எல்லையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டாம். அதே தட்டின் அதே நகர்வுதான் அந்தமான் கடலில் பாரன் (Barren) தீவு எரிமலைக்குக் குழம்பை ஊட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழம்பும் பெரும்பாலும் பசால்ட்.

உருகும்போது பாறை முழுக்க உருகுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மறுபடி நெய் ஜாடி. மார்கழியில் உறைந்த நெய்யை இளவெயிலில் வைத்தால் முதலில் மேலே கொஞ்சம் எண்ணெய் நிற்கும், மணல் அடியில் தங்கும். அந்த எண்ணெயை வேறு கிண்ணத்தில் வடித்தால், அது பழைய நெய் அல்ல. எளிதில் இளகும் பகுதி மட்டும் அதில் சேர்ந்திருக்கிறது, மறுபடி உறைய அதிகக் குளிர் வேண்டும். மேன்டில் பாறையில் உருகுவதும் இப்படிச் சிறு பங்குதான். அப்படி வடிந்து மேலே வரும் குழம்பே பசால்ட் குழம்பு. தாய்ப்பாறையைவிட இதில் சிலிக்கா, அதாவது வெண்மணலின் மூலப்பொருள், கூடுதல், மக்னீசியம் குறைவு.

ஓடுகிற குழம்பும் ஓடாத குழம்பும்

பசால்ட் குழம்பில் சிலிக்கா நூற்றுக்கு 45 முதல் 52 பங்கு. அதனால் நீர்த்தது, சரிவு கண்டால் ஓடும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து வழிந்தது இந்த வகை. வழிவழியாக, அடுக்கடுக்காக உறைந்து, இன்றைக்கு மிஞ்சியதே சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே கிடக்கும் பசால்ட்கூடத் தக்காணத்திலிருந்தே பள்ளத்தாக்குகள் வழியாக ஓடிவந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் இந்தக் கல்லைக் குடைந்து எடுத்ததுதான்.

சிலிக்கா நூற்றுக்கு 70 அளவில் இருந்தால் குழம்பு கெட்டி. கேழ்வரகுக் களி கிண்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். ரசம் கொதித்தால் குமிழி வந்து அமைதியாக உடையும். களி கொதித்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு பொத்தென்று கையில் தெறிக்கும். கெட்டிக் குழம்புக்குள் மாட்டிக்கொண்ட வாயு அப்படித்தான் எரிமலையை வெடிக்க வைக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தது இந்த வகை. அதன் சாம்பல் வங்காள விரிகுடாவின் கடலடியிலும் இந்திய ஆற்றங்கரைகள் பலவற்றிலும் இன்றும் படிவாகக் கிடக்கிறது.

லாவா உறைந்த பிறகும் சுருங்கிக்கொண்டே போகும். கோடையில் தண்ணீர் வற்றிய வயலில் களிமண் ஐந்து முனை, ஆறு முனைப் பாளங்களாக வெடிப்பதைக் கண்டிருக்கிறோம். அங்கே ஈரம் போவதால் சுருக்கம், இங்கே சூடு போவதால் சுருக்கம், கணக்கு ஒன்றுதான். லாவாவில் வெடிப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவதால் பாளங்களுக்குப் பதில் தூண்கள் கிடைக்கும். கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரித் தீவில் அப்படி நின்றுகொண்டிருக்கும் தூண்களைப் பார்க்கலாம். அவற்றைப் பசால்ட் என்றே பலரும் எழுதுகிறார்கள். அங்கே இருப்பது சிலிக்கா மிகுந்த, ரயோலைட் என்ற எரிமலைப் பாறையை ஒத்த கல். தூணாக வெடிப்பதற்குப் பசால்ட்டாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆறிச் சுருங்கினால் போதும்.

அடுப்பு மேடையில் இருக்கும் கல்

இனி கும்பகோணத்துக் கறுப்புப் பலகைக்கு வருகிறேன். கடையில் அதற்குப் 'பிளாக் கிரானைட்' என்று பெயர். கிரானைட் அல்ல அது. கிருஷ்ணகிரி, தருமபுரி, விழுப்புரம் பக்கங்களில் பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் பசால்ட் குழம்பு புகுந்து சுவர் போல உறைந்திருக்கிறது. வெட்டியெடுத்துத் தீட்டிய அந்தக் கல்லில் பெரும்பகுதி டாலரைட். சேர்மானத்தில் பசால்ட்டின் உடன்பிறப்பு. தரைக்கு மேலே வழிந்திருந்தால் வேகமாக ஆறிக் கண்ணுக்குத் துகள் தெரியாத பசால்ட்டாகியிருக்கும். வெடிப்புக்குள் மாட்டியதால் கொஞ்சம் நிதானமாக ஆறி, டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறக் குச்சிகளும் கரிய மணிகளும் பின்னிக் கிடப்பது தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இன்னும் ஆழத்தில், இன்னும் பெரிய தேக்கமாக நின்று ஆறியிருந்தால் கேப்ரோ. கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன. பெயர் மூன்று, குழம்பு ஒன்று.

ஆறுவதற்கு எவ்வளவு காலம் என்று ஒரு அளவு வேண்டுமானால், ஹவாயில் 1959-ல் கிலாவேயா இக்கி என்ற பள்ளத்தில் லாவா ஏரியாகத் தேங்கியது. நூறு மீட்டருக்கு மேல் ஆழம். மேலே வெட்டவெளி, மழை. அப்படியிருந்தும் அடிவரை உறைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பல கிலோமீட்டர் ஆழத்தில், நாலாபுறமும் சூடான பாறை போர்த்தியிருக்க, மலையளவு குழம்பு ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கிரானைட்டின் மணிகள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருப்பது அதனால்தான்.

கிரானைட்டுக்கு வேண்டிய சிலிக்கா எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாறையியலாளர் நார்மன் போவன் பதில் தேடினார். வாஷிங்டனில் ஆய்வகத்தில் கனிமப் பொடிகளை உருக்கி, குறித்த சூட்டில் நிறுத்தி, சட்டென்று குளிரவைத்து, அந்தக் கணத்தில் என்னென்ன படிகம் பிடித்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார். 1920-களில் அவர் தெளிவாக்கிய வரிசை இன்றும் பாடத்தில் இருக்கிறது. பசால்ட் குழம்பில் முதலில் பிடிக்கும் கனிமம் ஆலிவின், பிறகு பைராக்சீன். கூடவே ஃபெல்ஸ்பார் பிடித்துக்கொண்டே வரும். கடைசியில் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். முதலில் பிடித்தவை சிலிக்காவைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கனமானவை என்பதால் அடியில் படியும். நெய்யில் மணல் அடியில் நிற்க, மேலே எண்ணெய் தெளிவது போல மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே போகும். ஆனால் எல்லாக் கிரானைட்டும் இப்படி எஞ்சிய குழம்பிலிருந்து வந்ததாகச் சொல்லிவிடக்கூடாது. கண்டத்து அடிப்பாறையே சூடேறி ஒரு பகுதி உருகி உண்டான கிரானைட்டும் ஏராளம்.

அம்மியைப் பார்க்கிற விதம்

எங்கள் வீட்டு அம்மி பாட்டி காலத்தது. இப்போது கொல்லையில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது. தேய்ந்த முகத்தை விட்டுவிட்டு, கொத்துளி பட்ட ஓரத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் சாய்த்து, கைபேசி கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று சங்கதிகள் தெரிந்தன.

சாய்க்கும்போது சில மணிகள் சின்னக் கண்ணாடி போலப் பளிச்சென்று அடித்தன. அவை ஃபெல்ஸ்பார். அது தட்டையான தளங்களில் உடையும், அதனால் அந்தப் பளிச்சு. அவற்றுக்கு இடையில் கரிய செதில்கள். ஊசிமுனையால் நெம்பினால் ஏடாகப் பெயர்ந்தன. காக்காப்பொன் வகை, கறுப்பு நிறத்தது. மூன்றாவது, பனிக்கட்டி போல மங்கலான, தளமில்லாத, தனக்கென்று வடிவமே இல்லாத மணிகள். மற்றவை விட்டுவைத்த சந்துகளில் அடைந்து கிடந்தன. குவார்ட்ஸ். வடிவம் இல்லாததற்குக் காரணம் அது கடைசியாக உறைந்தது. ஃபெல்ஸ்பார் தன் கட்டத்தை வரைந்து முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் அது அடங்கவேண்டி வந்தது. போவன் உலையில் கண்ட வரிசை பாட்டியின் அம்மியில் அப்படியே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் கருங்கல் என்று அழைப்பது எல்லாமே கிரானைட் அல்ல. மணிகள் எந்தத் திசையும் இல்லாமல் கலந்து கிடந்தால் கிரானைட். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடினால் நைஸ், பழைய பாறை ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. எண்ணெய் பூசினாற்போல் கரும்பச்சைச் சாயலில் இருந்தால் சார்னோக்கைட்டாக இருக்கலாம். பல்லாவரத்துக் குன்றுகளில் இருக்கும் கல் அது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தக் கல்லாக இருந்ததால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். ஜல்லிக் குவியலில் இந்த மூன்றும் கலந்து வருவது சாதாரணம். கருங்கல் என்றாலே கிரானைட் என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு கூடை ஜல்லியை வகுப்பில் கொட்டிப் பிரிக்கச் சொன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போர் போட்ட அன்று வெளியே வந்த பருமணலை ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் பெரும்பகுதி அதே மங்கலான குவார்ட்ஸ். நடுநடுவே இளஞ்சிவப்பாகச் சில ஃபெல்ஸ்பார் மணிகள், ஓரிரு காக்காப்பொன் செதில்கள். கோதாவரியும் கிருஷ்ணாவும் பசால்ட் நாட்டில் பிறக்கின்றன. காவிரி குடகில் பிறந்து, மேட்டூர் தாண்டி, திருச்சி வரை பழைய நைஸ், சார்னோக்கைட், கிரானைட் பாறைகளை அரித்துக்கொண்டே வருகிறது. மிகுந்த சூட்டில் முதலில் பிறந்த கனிமங்கள் தரையின் மழைக்கும் காற்றுக்கும் சீக்கிரம் மக்கிவிடும். ஃபெல்ஸ்பார் பெரும்பாலும் வழியிலேயே களியாகும். நாற்றங்காலில் காலில் ஒட்டுகிற களியில் பெரும்பங்கு அப்படி வந்தது. கடைசியில் உறைந்த குவார்ட்ஸ் மட்டும் கரையாமல், மக்காமல் பூம்புகார் வரை போய்ச் சேர்கிறது.

அந்த மணலுக்கும் களிக்கும் கீழே பாறை இல்லாமல் போய்விடவில்லை. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்த காலத்தில், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் பக்கத்து நிலம் பள்ளமாக இறங்கியது. அதன்மேல் வண்டல் படிந்து படிந்து சில இடங்களில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் கனமாகிவிட்டது. புதுக்கோட்டையில் வெயிலில் நிற்கும் அதே வகைப் பழம்பாறை இங்கே அந்தப் பாரத்துக்கு அடியில் கிடக்கிறது. ஓஎன்ஜிசியின் ஆழ்கிணறுகள் அதைத் தொட்டிருக்கின்றன. சீர்காழி வட்டாரத்து மாதானத்தில் அந்தப் பாறையின் வெடிப்புகளிலிருந்தே எண்ணெய் எடுக்கிறார்கள். மேஸ்திரியின் கைபோர் அவ்வளவு தூரம் போகாது.